பாடாதிருந்த சபை பாடிற்று: டெபி ஃபிரீட்மனின் வாழ்வும் பணியும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் தலைவர்களையும் போர்களையும் புலப்பெயர்வுகளையும் முதற்கண் ஆராய்வர். அச்சமுதாயத்தின் பொதுவழிபாட்டில் யார் பாடினர், யார் வாய்மூடிக் கேட்டிருந்தனர் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும் இவ்வினா சிறியதன்று. பாடும் உரிமை எவரிடம் உள்ளதோ, அவரிடமே வழிபாட்டின் உரிமையும் பெரும்பாலும் தங்கிவிடுகின்றது. பழைய மொழியும் அம்மொழியில் அமைந்த வேண்டுதல்களும் கற்றறிந்த சிலரின் கைக்குள் ஒதுங்கி, ஏனையோர் அவற்றைத் தொலைவில் நின்று மதிப்போராக மட்டும் ஆகிவிடின், அம்மரபு போற்றப்படும், ஆனால் வாழாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க யூதர் பலரின் வழிபாடு ஏறத்தாழ இந்நிலையில் இருந்தது. அந்நிலையை மாற்றியவர்களுள் முன்வைத்து எண்ணத்தக்கவர் டெபி ஃபிரீட்மன் என்னும் பெண்மணி. 1951ஆம் ஆண்டு பிறந்து 2011ஆம் ஆண்டு மறைந்த அவர், தம் காலத்து அமெரிக்க இளைஞர் விரும்பிய நாட்டார் இசையையும் ராக் இசையையும் எபிரேய மொழியின் பழைய வேண்டுதல்களோடு இணைத்தார். இசைக்கல்லூரி எதிலும் முறையாகப் பயிலாத அவருடைய பெயரையே, வழிபாட்டுப் பாடகரை உருவாக்கும் கல்விக்கூடம் ஒன்று இன்று தாங்கி நிற்கின்றது. இது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்வரலாறு

கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமப் படையினர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். அதற்கு முன்னர் அவ்வாலயத்தில் லேவியர் எனப்படும் குலத்தார் யாழும் கைத்தாளமும் இசைத்துப் பாடி வந்தனர். ஆலயம் அழிந்தபின் யூதரின் வழிபாடு ஊர்தோறும் அமைந்த தொழுகைக்கூடங்களுக்கு மாறிற்று. அழிந்த ஆலயத்திற்கான துயரத்தாலும், ஓய்வுநாளாகிய சனிக்கிழமையைப் பற்றிய சமய விதிகளாலும், இசைக்கருவிகள் அந்நாளின் வழிபாட்டிலிருந்து விலக்கப்பட்டன. மனிதக் குரல் ஒன்றே எஞ்சிற்று.

அக்குரலை வழிநடத்துவோர் ஹசான் எனப்பட்டனர். வழிபாட்டுப் பாடகர் என்று அவரைத் தமிழிற் குறிப்பிடலாம். நாள்தோறும் நிகழும் வழிபாட்டிற்கு ஒரு பண்முறை, ஓய்வுநாளுக்கு வேறொன்று, புத்தாண்டிற்கும் நோன்புநாளுக்கும் மற்றொன்று என மரபு வகுத்திருந்தது. இம்முறைக்கு நுசாக் என்று பெயர். பயிற்சியுடைய செவியினர் சொற்களைக் கேளாமல் மெட்டை மட்டும் கேட்டே, அது எந்நாளின் எவ்வேளை வழிபாடு என்று கூறிவிடுவர். பல தலைமுறைகளாகச் செவிவழியாகக் காக்கப்பட்ட இச்செல்வத்தின் அருமையை மனத்திற் கொண்டால்தான், பிற்காலத்தில் எழுந்த வழக்கின் இருபக்கமும் நமக்கு விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செருமானிய நாட்டு யூதரிடையே சீர்திருத்த இயக்கம் தோன்றிற்று. 1818ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் திறக்கப்பட்ட தொழுகைக்கூடத்தில் ஆர்கன் இசைக்கருவி இடம்பெற்றது. செருமானிய மொழியில் சொற்பொழிவும் நிகழ்ந்தது. வியன்னாவில் சாலமன் சுல்சரும் பெர்லினில் லூயி லெவன்டாவ்ஸ்கியும் ஐரோப்பியச் செவ்விசை முறையில் பலகுரற் பாடல்களை இயற்றினர். இவை மாண்புமிக்க படைப்புகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவற்றைப் பாடத் தேர்ந்த குழுவினர் தேவைப்பட்டனர். இவ்வியக்கம் அமெரிக்கா சென்று வேரூன்றியபோது, பெரிய தொழுகைக்கூடங்களில் ஊதியம் பெறும் பாடகர் குழுக்கள் அமைந்தன. அவருள் யூதர் அல்லாதாரும் இருந்தனர். சபையினர் நல்லுடை அணிந்து வந்து அமைதியாக அமர்ந்து கேட்டுச் சென்றனர். ஒழுங்கும் அழகும் இருந்தன. சபையின் குரல் மட்டும் இல்லை.

இளமையும் கித்தாரும்

டெபி ஃபிரீட்மன் 1951ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து யூட்டிகா நகரில் பிறந்தார். தந்தையார் யூதரின் உணவுவிதிப்படி இறைச்சி விற்கும் தொழிலர். டெபி சிறுமியாக இருந்தபோதே குடும்பம் மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகருக்குக் குடிபெயர்ந்தது. அவர் அங்கேயே பள்ளிக்கல்வி பெற்றார்.

அவர் வளர்ந்த காலம் அமெரிக்க நாட்டார் இசை மறுமலர்ச்சி பெற்ற காலம். பீட் சீகர், ஜோன் பயஸ், பீட்டர் பால் அண்டு மேரி குழுவினர் ஆகியோரின் பாடல்கள் வானொலியிலும் இசைத்தட்டுகளிலும் ஒலித்தன. கறுப்பினத்தவரின் குடியுரிமைப் போராட்டத்திலும் வியட்நாம் போருக்கெதிரான கூட்டங்களிலும் அவற்றை ஆயிரக்கணக்கானோர் ஒருசேரப் பாடினர். அவ்விசையின் சிறப்பியல்பு யாதெனின், மேடையில் இருப்பவரின் திறமையைக் காட்டுவதைவிடக் கீழே இருப்போரைப் பாடச் செய்வதையே அது பெரிதாகக் கருதிற்று. எளிய மெட்டு, திரும்பத் திரும்ப வரும் பல்லவி, எவரும் பற்றிக்கொள்ளக்கூடிய தாளம் என்னும் இம்மூன்றும் அதன் இலக்கணம்.

இளைஞர் முகாம்களில் பிறர் கித்தார் வாசிப்பதைக் கண்டும், பீட்டர் பால் அண்டு மேரி குழுவினரின் இசைத்தட்டுகளைக் கேட்டும் டெபி தாமே அக்கருவியைப் பயின்றார். ஆசிரியர் எவரிடமும் முறையாகப் பாடம் கேட்டவரல்லர். செவியே அவருக்கு ஆசிரியர்.

அக்காலத்துக் கோடைமுகாம்களைப் பற்றியும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். சீர்திருத்தப் பிரிவினர் 1952ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து ஒகானமோவாக் என்னுமிடத்தில் ஒரு முகாமைத் தொடங்கினர். நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய முகாம்கள் எழுந்தன. ஏரிக்கரைகளிலும் மரநிழல்களிலும் சிறுவர் கோடை விடுமுறையைக் கழித்தனர். உண்ணும்போதும் நெருப்பைச் சுற்றி அமரும்போதும் பாடினர். பளிங்குத்தூண்கள் நின்ற நகரத்துத் தொழுகைக்கூடத்தில் வாய்திறவாத அதே சிறுவர்கள் முகாமில் தொண்டை கட்டும்வரை பாடினர். டெபி ஒகானமோவாக் முகாமில் பாட்டுத் தலைவராகப் பணிபுரிந்து புகழ்பெற்றார். இவ்விரு இடங்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடே அவருடைய வாழ்நாட் பணிக்கு வித்தாயிற்று.

1972: ஒரு மெட்டும் ஒரு கட்டளையும்

தாம் ஒரு தொழுகைக்கூடத்திற் கண்ட காட்சியை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்ததுண்டு. ரபி பேசிக்கொண்டிருந்தார், பாடகர் குழுவினர் பாடிக்கொண்டிருந்தனர், சபையினர் செய்வதற்கு ஒன்றுமில்லை. வழிபட வந்தோர் வழிபாட்டைப் பார்வையிட்டுத் திரும்பினர் என்பதே அவர் உற்ற வருத்தம்.

பிறிதொரு நாள் பேருந்தில் சென்றுகொண்டிருந்தபோது அவருள்ளத்தில் ஒரு மெட்டு தோன்றிற்று. அம்மெட்டில் 'வெஆஹவ்தா' என்னும் பழைய வேண்டுதலின் சொற்கள் பொருந்தி அமைந்தன. அவ்வேண்டுதல் மோசேயின் ஐந்தாம் நூலாகிய உபாகமத்தின் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. இறைவனை முழுவுள்ளத்தோடு நேசிக்கவேண்டும் என்று அது பணிக்கின்றது. அத்துடன், இச்சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டும் என்றும், வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் அவற்றைப் பேசவேண்டும் என்றும் கட்டளையிடுகின்றது. பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறு ஆணையிடும் அப்பகுதியே, பிள்ளைகள் பொருளுணராமல் முணுமுணுத்துக் கடக்கும் பகுதியாக மாறியிருந்தது என்பது எண்ணத்தக்கது.

அப்பாடலை அவர் இளைஞர் குழு ஒன்றுக்குக் கற்பித்தார். அவ்விளைஞர் தம் வழிபாட்டில் ஜோன் பயஸ், ஜூடி காலின்ஸ், ஜேம்ஸ் டெய்லர் ஆகியோரின் பாடல்களைப் பாடி வந்தவர்கள். தம் காலத்து இசையில் தம் முன்னோரின் சொற்களைப் பாடியபோது, அவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் கையிட்டு நின்றனர், கண்ணீரும் விட்டனர். அவர்கள் அழுதது பாட்டின் இனிமைக்காக மட்டும் அன்று. தமக்குரியது எனக் கூறப்பட்டும் தம் கைக்கு எட்டாதிருந்த ஒன்று அன்று கைக்கு வந்தமையே காரணம் என்று கொள்ளுதல் பொருந்தும்.

1972ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் வயதில், டெபி தமது முதல் இசைத்தட்டாகிய 'சிங் அண்டு காட்' என்பதை வெளியிட்டார். ஒரு வழிபாட்டின் வேண்டுதல்களுக்குப் புதிய மெட்டுகள் அமைத்து, பள்ளி மாணவர் குழுவின் குரல்களோடு அதனைப் பதிவு செய்தார். அதே ஆண்டில்தான் சின்சினாட்டி நகரில் ஹீப்ரு யூனியன் கல்லூரி சாலி பிரீசாண்ட் என்பவரை ரபியாக நியமித்தது. அமெரிக்காவில் ஒரு கல்விநிலையம் பெண்ணொருவரை ரபியாக்கியது அதுவே முதன்முறை. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. ஆயினும், கேட்போராக மட்டும் இருந்தோர் பேசவும் பாடவும் எழுந்த காலம் அது என்பதற்கு இரண்டும் சான்றாகின்றன.

எழுத்தும் பாட்டும்

டெபியின் படைப்புகளுள் பெரியோரின் வழிபாட்டுக்குரியவை பல. எனினும் குழந்தைகளுக்காக அவர் இயற்றியவற்றை ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். எபிரேய நெடுங்கணக்கில் இருபத்திரண்டு எழுத்துகள் உள்ளன. அவை வலமிருந்து இடமாக எழுதப்படுவன. அமெரிக்கக் குழந்தைக்கு முற்றிலும் புதியன. அவ்வெழுத்துகளை நிரலே அடுக்கி, ஆசிரியர் ஓரடி பாட மாணவர் அதனைத் திருப்பிப் பாடுமாறு 'ஆலெப் பெத்' பாடலை அவர் அமைத்தார். இப்பாடல் வாரயிறுதிச் சமயப் பள்ளிகள் பலவற்றில் பரவிற்று. குழந்தைகளுக்கான தொலைக்காட்சிப் பாத்திரமாகிய பார்னி பாடும் அளவிற்கு அது புகழடைந்தது.

இப்பாடலின் அமைப்பில் ஒரு கல்விமுறை அடங்கியுள்ளது. குழந்தை தனியே நின்று தவறிழைக்கும் அச்சம் இதில் இல்லை. கூட்டத்தின் குரலோடு தன் குரலைச் சேர்த்து, அறியாததை அறிந்தோருடன் பாடிப்பாடியே அது எழுத்துகளைத் தனதாக்கிக்கொள்கின்றது. பெரியோர்க்கான பாடல்களிலும் டெபி கையாண்டது இம்முறையையே. எபிரேயச் சொற்களை ஓரடியில் வைப்பார்; அவற்றின் கருத்தை அடுத்த அடியில் ஆங்கிலத்தில் விரிப்பார். எபிரேயம் அறியாதவரும் பாடிக்கொண்டே பொருளுணர்வர். பழைய மொழியை அவர் நீக்கவுமில்லை. அறியாதாரை வெளியே நிறுத்தவுமில்லை.

இதனினும் வியப்பானது ஹவ்தாலா சடங்கிற்கு அவர் அமைத்த மெட்டு. சனிக்கிழமை மாலை விண்மீன்கள் தோன்றியபின், ஓய்வுநாளை வழியனுப்பும் சடங்கு அது. பின்னப்பட்ட மெழுகுவத்தியை ஏற்றி, திராட்சை இரசத்தை வாழ்த்தி, நறுமணப் பொருள்களை முகர்ந்து, இறுதியில் சுடரை இரசத்தில் அவிப்பர். அவ்வாழ்த்துகளுக்கு டெபி அமைத்த மெட்டு, அவர் சார்ந்த பிரிவின் எல்லையைக் கடந்து சென்றது. அது பன்னெடுங்காலத்துப் பழைய மெட்டென்றே எண்ணிப் பாடுவோர் பலர். இயற்றியவர் உயிரோடிருக்கும்போதே அவர் பாட்டு பெயரற்ற பொதுச்சொத்தாகிவிடுதல் நாட்டுப்பாடலுக்கு வாய்க்கும் பேறு. கலைஞர்க்கு அது இழப்புமாகும், பெருமையுமாகும்.

பெண்பாற் குரல்

யூதரின் திருநூல்களில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகிய தந்தையரின் பெயர்கள் வேண்டுதல்தோறும் ஒலிக்கும். சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் ஆகிய தாயரின் பெயர்கள் அவ்வாறு ஒலிப்பதில்லை. 1970களில் யூதப் பெண்கள் இதனை வினவத் தொடங்கினர். 1975ஆம் ஆண்டில் பார்பரா ஆஸ்ட்ஃபெல்ட் சீர்திருத்தப் பிரிவின் கல்விநிலையத்தில் வழிபாட்டுப் பாடகராகப் பட்டமேற்ற முதற்பெண்மணியானார். டெபியின் பாடல்கள் இம்மாற்றத்தின் குரலாக அமைந்தன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆதியாகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், பிறந்த நாட்டைவிட்டுப் புறப்படுமாறு இறைவன் ஆபிரகாமைப் பணிக்கின்றார். தமிழில் 'போ' என்னும் ஏவல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகும். எபிரேயத்தில் அவ்வாறன்று, முன்னிலையிலும் பால் வேறுபாடு உண்டு. ஆணை நோக்கி 'லேக்' என்பர். பெண்ணை நோக்கி 'லெகி' என்பர். திருநூலில் உள்ளது ஆண்பால் ஏவல். ஆனால் அந்நெடும்பயணத்தில் மனைவி சாராளும் உடன் சென்றார். சாராளைப் பற்றி ஆய்வுநூல் எழுதிய சவீனா தியூபல் என்னும் அறிஞர், 1986ஆம் ஆண்டில் தம் அறுபதாம் வயதை ஒட்டி ஒரு சடங்கை வகுத்தார். அவரோடு இணைந்து டெபி 'லெகி லாக்' என்னும் பாடலை ஆக்கினார். பெண்பால் ஏவல் அதில் முதலில் வருகின்றது. ஆண்பால் ஏவல் அடுத்து வருகின்றது. ஒரு வினைவிகுதி மாறியதும், கேட்டுக்கொண்டிருந்த பாதிப்பேர் தாமும் விளிக்கப்பட்டதை உணர்ந்தனர். இலக்கணம் வாழ்க்கையைத் தொடும் இடம் இதுவே.

மற்றொன்று மிரியாமைப் பற்றிய பாடல். செங்கடலைக் கடந்தபின் மோசே பாடிய பாட்டு யாத்திராகமத்தில் நெடிதாக இடம்பெற்றுள்ளது. அவருடைய தமக்கை மிரியாம் தம்புரு எடுத்து, பெண்கள் பின்தொடர ஆடிப் பாடியதோ இரண்டு வசனங்களில் முடிந்துவிடுகின்றது. அவ்விரு வசனங்களையும் டெபி முழுப்பாடலாக விரித்தார். 1990களில் நியூயார்க்கில் பெண்கள் திரண்டு பாஸ்கா விருந்து நடத்தியபோது, டெபியே இசையை வழிநடத்தினார். அக்கூட்டங்களில் இப்பாடலுக்குப் பெண்கள் எழுந்து ஆடினர்.

நோயும் வேண்டுதலும்

டெபியின் படைப்புகளுள் தலைசிறந்ததெனப் பலராலும் கருதப்படுவது 'மி ஷெபேராக்' என்னும் பாடல். தோரா வாசிப்பின்போது நோயுற்றோரின் பெயரைக் கூறி வேண்டும் பழைய முறைக்கு அப்பெயர் உண்டு. 'வாழ்த்தியவர் எவரோ அவர்' என்பது அச்சொற்களின் பொருள். நம் முன்னோரை வாழ்த்திய இறைவன் இந்நோயாளரையும் வாழ்த்துவாராக என்பது வேண்டுதலின் கருத்து. சீர்திருத்தப் பிரிவினரின் தொழுகைக்கூடங்களில் இவ்வேண்டுதல் பெரிதும் வழக்கொழிந்திருந்தது. மருத்துவ அறிவியல் வளர்ந்த காலத்தில், நோய் தீர வேண்டுதல் பகுத்தறிவிற்குப் பொருந்தாதென்று அவர்கள் எண்ணினர்.

1980களின் பிற்பகுதியில், இடர்ப்பட்டிருந்த தோழி ஒருவரின் அறுபதாம் ஆண்டுச் சடங்கிற்காக, டிரோரா செடல் என்பாருடன் இணைந்து டெபி இவ்வேண்டுதலைப் பாடலாக்கினார். எபிரேயமும் ஆங்கிலமும் அதில் கலந்து வருகின்றன. முதற்கண்ணியில் தந்தையர் முன்னும் தாயர் பின்னும், மற்றொரு கண்ணியில் தாயர் முன்னும் தந்தையர் பின்னுமாக முன்னோர் நினைக்கப்படுகின்றனர். நோய் அடியோடு ஒழியவேண்டும் என்று அப்பாடல் வற்புறுத்துவதில்லை. உடலுக்கும் உள்ளத்திற்கும் புத்துயிர் வேண்டுகின்றது. துன்பத்தினூடே வாழ்வைப் பயனுடையதாக்கும் துணிவை வேண்டுகின்றது. பிணி தீர்தல் வேறு, தேறுதல் வேறு என்னும் நுட்பமான வேறுபாடு அதில் உண்டு. எய்ட்ஸ் நோய் பரவி இளைஞர் பலர் மருந்தின்றி மாண்ட காலம் அது. தீராது என்று தெரிந்த நோயை உடையார்க்கும் சொல்லத்தக்க ஒரு வேண்டுதல் அன்று தேவைப்பட்டது.

இப்பாடலை அவர் 1989ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் வெளியிட்டார். அக்காலத்தை ஒட்டியே அவரையும் கொடிய நோய் பற்றிற்று. நரம்பு மண்டலத்தைத் தாக்கிய அந்நோயால் சிற்சில வேளைகளில் அவரால் நடக்கவும் இயலவில்லை. அது வாழ்நாள் முழுதும் அவரை விட்டு முற்றும் நீங்கவில்லை. பிறருக்காக எழுதிய பாட்டு தமக்கே உரியதாயிற்று. ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று பாடினார். நியூயார்க்கில் நோயாளருக்கும் அவரைப் பேணுவோர்க்குமான வழிபாடுகளை நடத்தினார்.

அப்பாடலைப் பாடும் முறையும் குறிப்பிடத்தக்கது. பாடத் தொடங்குமுன் சபை சற்று அமைதியுறும். நோயுற்ற தாயின் பெயரை ஒருவர் கூறுவார். நண்பரின் பெயரை மற்றொருவர் கூறுவார். பெயர்கள் கூடத்தின் பல மூலைகளிலிருந்தும் எழும். பின்னர் அனைவரும் பாடுவர். அருகில் அமர்ந்திருப்பவரின் துயரை அதுவரை அறியாதவர், அந்தப் பொழுதில் அறிந்துகொள்வார். பாட்டு நோயைத் தீர்க்குமா என்னும் வினாவிற்கு எவரும் விடை கூறவில்லை. நோயாளரின் தனிமையை அது குறைத்தது என்பதைக் கண்கூடாகக் கண்டனர்.

எதிர்ப்பும் ஏற்பும்

டெபியின் முறையை எல்லாரும் வரவேற்கவில்லை. பழைமைப் பிரிவினர் ஓய்வுநாளில் கருவியிசையை ஏற்பதில்லை. ஆடவர் முன்னிலையில் பெண்கள் பாடுவதையும் அவருள் பலர் ஏற்பதில்லை. அவர்களுடைய மறுப்பு எதிர்பார்க்கத்தக்கதே. மிகக் கூர்மையான எதிர்ப்பு அவர் சார்ந்த சீர்திருத்தப் பிரிவின் வழிபாட்டுப் பாடகரிடமிருந்தே எழுந்தது. நெருப்பைச் சுற்றிப் பாடும் முகாம்பாட்டு வேறு, தொழுகைக்கூடத்தின் திருவிசை வேறு என்றனர். எளிய மெட்டுகளைப் பழக்கினால் நுண்ணிய பண்முறைகளைக் கேட்கும் செவி மறையும் என்றனர். ஓய்வுநாளுக்கும் நோன்புநாளுக்கும் ஒரே இசையென ஆகிவிடின், ஈராயிரம் ஆண்டு மரபு ஒரு தலைமுறையில் அழியும் என்றும் அஞ்சினர்.

இவ்வச்சத்தை வெறும் பொறாமையெனத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஐரோப்பாவின் யூத ஊர்கள் நாசிகளால் அழிக்கப்பட்டபோது, அவ்வூர்களின் பாடகரும் அவர்தம் செவிவழி மரபுகளும் உடன் அழிந்தன. எஞ்சியதைக் காக்கவேண்டும் என்னும் நோக்கோடுதான் ஹீப்ரு யூனியன் கல்லூரி 1948ஆம் ஆண்டில் நியூயார்க்கில் திருவிசைப் பள்ளியை நிறுவிற்று. அப்பள்ளியிற் பல்லாண்டு பயின்று வந்தவர்களுக்கு, பயிலாத ஒருவரின் கித்தார் சபையை ஈர்த்தமை வருத்தம் அளித்திருக்கும் என்பதை நாம் உணரலாம்.

மறுபக்கத்தின் வாதமும் வலுவுடையது. சபை பாடாத இசையைக் காப்பதால் பயன் யாது? இளைஞர் தொழுகைக்கூடத்தின் வாயிலையே மிதியாமற் போயின், நுண்ணிய பண்களைக் கேட்க எஞ்சுவோர் யார்? தவிர, இன்று பழமையெனப் போற்றப்படும் சுல்சரின் இசையும் ஒருகாலத்தில் புதுமையே அன்றோ? அவர் தம் காலத்து வியன்னாவின் இசையைக் கையாண்டார். டெபி தம் காலத்து அமெரிக்காவின் இசையைக் கையாண்டார்.

வாதத்தின் முடிவை எவரும் தீர்ப்பாக வழங்கவில்லை. காலம் மெல்ல வழங்கிற்று. 1996ஆம் ஆண்டில், இசைப்பணியின் இருபத்தைந்து ஆண்டு நிறைவை ஒட்டி, நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி அரங்கில் டெபி பாடினார். அவ்வரங்கிலும் அவையோர் வெறுமனே கேட்டிருக்கவில்லை, உடன் பாடினர். 2007ஆம் ஆண்டில் சீர்திருத்தப் பிரிவினர் 'மிஷ்கான் தெஃபில்லா' என்னும் புதிய வழிபாட்டு நூலை வெளியிட்டபோது, 'மி ஷெபேராக்' பாடலை அதில் சேர்த்தனர். அதே ஆண்டில் திருவிசைப் பள்ளி டெபியை ஆசிரியராக அழைத்துக்கொண்டது. எந்தப் பள்ளியின் மரபிற்கு அவர் ஊறு விளைவித்தார் என்று சிலர் கருதினரோ, அப்பள்ளியிலேயே அவர் மாணவருக்குக் கற்பித்தார். மாணவரும் பண்முறைகளைப் பயின்றதோடு, சபையைப் பாடவைக்கும் கலையையும் அவரிடம் பயின்றனர். ஒன்று மற்றொன்றை அழிக்கும் என்ற அச்சம் அங்குத் தணிந்தது.

மறைவும் எச்சமும்

2010ஆம் ஆண்டில் டெபி தம் குடும்பத்தார்க்கு அணுக்கமாக வாழக் கலிபோர்னியாவிற்குக் குடிபெயர்ந்தார். 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நுரையீரல் அழற்சி கண்டு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். செய்தி பரவியதும் நாட்டின் பல சபைகளில் மக்கள் திரண்டு, அவருடைய பாடலையே அவருக்காகப் பாடினர். பிறர் பெயரைக் கூறுவதற்காக அவர் விட்டுவைத்த அமைதியில், அவ்வாரம் அவருடைய பெயர் கூறப்பட்டது. சனவரி 9ஆம் நாள், தம் ஐம்பத்தொன்பதாம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

வேண்டுதல் பலிக்கவில்லையே என்று கூறுவோர் இருக்கலாம். அவ்வாறு கூறுவோர் அப்பாடலின் பொருளைத் தவறவிட்டவராவர். சாவை வெல்வதாக அது ஒருநாளும் வாக்களித்ததில்லை. துன்பத்தில் இருப்பவரைத் தனியே விடமாட்டோம் என்றே அது கூறிற்று. அந்தச் சொல்லைச் சபைகள் காப்பாற்றின.

அதே 2011ஆம் ஆண்டில் நியூயார்க் திருவிசைப் பள்ளிக்கு டெபி ஃபிரீட்மன் திருவிசைப் பள்ளி என்று பெயர் சூட்டப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட இசைத்தொகுப்புகளை அவர் விட்டுச்சென்றார். ஆனால் அவருடைய உண்மையான எச்சம் இசைத்தட்டுகளில் இல்லை. அவர் பெயரை அறியாமலே எழுத்துகளைப் பாடிப் பயிலும் சிறுவரிடத்தும், சனிக்கிழமை மாலையில் சுடரைச் சுற்றி நின்று பாடும் குடும்பங்களிடத்தும், மருத்துவமனைக் கட்டிலருகே தணிந்த குரலில் அவர் பாட்டை முணுமுணுக்கும் உறவினரிடத்தும் அது வாழ்கின்றது.

மரபைக் காப்பவர் இருவகையினர். கருவூலத்தின் வாயிலில் நின்று காப்போர் ஒருவகை. கருவூலத்தைத் திறந்து உரியோர் கையில் கொடுத்துக் காப்போர் மற்றொருவகை. முன்னவர் இன்றேல் கொடுப்பதற்குப் பொருள் இராது. பின்னவர் இன்றேல் பெறுவதற்கு ஆள் இரார். மொழியையும் இலக்கியத்தையும் இளையோர்க்குக் கற்பிப்போர் இவ்விருவகைப் பணியையும் ஒருங்கே செய்யவேண்டியவராவர். டெபி ஃபிரீட்மன் இரண்டாம் வகையினர். தாம் தனித்து நன்றாகப் பாடியதற்காக அன்று, பாடாதிருந்தோரைப் பாடவைத்ததற்காகவே வரலாறு அவரை நினைவில் வைத்துள்ளது.